கேட்டிருந்தால் போட்டிருப்போம்

“பாப்பாவுக்குப் பதிமூணு வயசுதாண்ணே ஆகுது. அந்த நோய்க்கெல்லாம் இப்பவே எதுக்கு ஊசி?”

கேட்டவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். புனே பக்கத்துச் சாகணில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு வெண்டார் கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். தளேகாவ் சௌக்கில் வெங்காய லாரிகளும் கம்பெனி பஸ்களும் முட்டிக்கொண்டு நிற்கும் நேரம். காரி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டார். மகள் படிக்கும் பள்ளியில், ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்தும் முகாமுக்கு என்று ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மராத்தியில் அச்சடித்த சம்மதப் படிவம். இவருக்கு மராத்தி பேச வரும், வாசிக்க வராது. மகளையே படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை பேர், வகுப்பு, தேதி எல்லாவற்றையும் சரளமாகப் படித்துவிட்டு, நோயின் பேர் வந்த இடத்தில் “ஏதோ லேடீஸ் கேன்சராம்பா” என்று முடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய தேதியும் போய்விட்டது. தாள் இன்னும் ஜாமெட்ரி பாக்ஸில் நாலாய் மடிந்து கிடக்கிறதாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஹெச்.பி.வி. தடுப்பூசி போடாத பிள்ளைகள் என்றதும் தயக்கம், மூடநம்பிக்கை, எதிர்ப்பு என்று பெற்றோர் பக்கம் விரல் நீட்டுவது வழக்கம். இந்த மனிதர் எதையும் எதிர்க்கவில்லை. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான். விடுபடும் பிள்ளைகளில் வேண்டாம் என்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைவிட, யாராலும் கேட்கப்படாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதிகம் என்பது என் எண்ணம். அதற்கு வருமுன் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவோம். அது நியாயமான கேள்வி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்க ஒரு வைரஸால் வருவது. மனித பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம்தான் ஹெச்.பி.வி. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பலவும் ஒன்றும் செய்யாது. சில மரு வரவைக்கும். 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டும் இந்தப் புற்றுநோயில் பத்துக்கு ஏழுக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொற்றுவது உடலுறவு வழியாக. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். பார்க்கத் தேவையில்லை. இல்லற வாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. ஊர் சுற்றியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். வந்ததே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். துரத்த முடியாமல் போன சிலருக்குள் அது தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றி, பதினைந்து இருபது வருடம் கழித்துப் புற்றாக நிற்கும். நாற்பது வயதில் ரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணின் நோய், அவள் கல்யாணமான புதிதில் தொடங்கியதாக இருக்கலாம். 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது; ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

தடுப்பூசிக்குள் வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்றவற்றில் வளர்த்து எடுக்கிறார்கள். அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸ் போலவே உருண்டையாகிவிடும். பருப்பில்லாத நிலக்கடலை மாதிரி: வெளியே பார்த்தால் காய், உள்ளே ஒன்றும் இல்லை. விதைத்தாலும் முளைக்காது. உடம்பு அந்த ஓட்டைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். பிறகு நிஜ வைரஸ் வந்தால் நுழைய விடாது. ஆனால் ஏற்கெனவே நுழைந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் பதிமூன்று வயதில் போடச் சொல்கிறார்கள், அந்த மாதிரிப் பேச்சே இல்லாத வயதில். இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளின் உடம்பு, இருபது வயதுக்காரர்களைவிட பலமான எதிர்ப்பைக் காட்டுகிறது. அதனால் அந்த வயதில் இரண்டு டோஸ் என்று அட்டவணை வந்தது. பதினைந்தைத் தாண்டினால் மூன்று.

ஊசி பலன் தருகிறதா என்பதற்கு ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 2008-இல் பள்ளிகளில் தொடங்கினார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். சுழியம். மருத்துவத்தில் இந்த எண் லேசில் கிடைக்காது.

“அப்ப ஏண்ணே யாரும் சொல்லலை?”

இதுதான் பெரிய கேள்வி. முதல் காரணம் வயதுதான். நம் நாட்டில் தடுப்பூசி என்றால் கைக்குழந்தை. அங்கன்வாடி அக்காவும் ஆஷா தாயும் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பது கர்ப்பிணியையும் குழந்தையையும். ஐந்து வயதில் பூஸ்டர் போட்டதும் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடும். பிறகு பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று, டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. அதையே எத்தனை பேர் போடுகிறார்கள்? ஒன்பது முதல் பதினாலு வரை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்தான் டாக்டர் முகத்தைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் டாக்டர் மாத்திரை எழுதுவாரே தவிர, “ஹெச்.பி.வி. ஊசி போட்டாச்சா?” என்று கேட்பது அபூர்வம். வெளியே முப்பது டோக்கன் காத்திருக்கும்போது, அப்பாவையும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்ற கூச்சம் டாக்டருக்கும் உண்டு. ஆனால் நாட்டுக்கு நாடு நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: டாக்டர் வாய் திறந்து ‘போடுங்கள்’ என்றால் பெரும்பாலான பெற்றோர் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது காசு. இதில் சாகண்காரர்களுக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. இந்தியாவின் சொந்த ஹெச்.பி.வி. தடுப்பூசி ‘செர்வாவாக்’ தயாராவது இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, புனே ஹடப்சர் பக்கம் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட்டில். 2022 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் வெளிவந்தது. தனியார் சந்தையில் 2,000 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வெளிநாட்டு ‘கார்டசில் 9’ அப்போது ஒரு டோஸே பத்தாயிரத்தைத் தாண்டியது, அதோடு பார்த்தால் இது மலிவு. காண்ட்ராக்ட் சம்பளத்தில் வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், ஸ்கூல் ஃபீஸ் போக மிச்சம் பார்ப்பவருக்கு மலிவா? வந்த நோய்க்குக் கடன் வாங்கியாவது செலவழிப்போம். வராத நோய்க்கு, அதுவும் இருபது வருடம் கழித்து வரக்கூடியதற்கு, இந்த மாதச் சம்பளத்தில் எடுப்பது கஷ்டம். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசே இலவசமாகப் போட வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இழுத்தது. 2008-லேயே தடுப்பூசி இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு, திட்டத்தில் சேர்க்கலாம் என்று சொன்னது 2022 ஜூனில். ஒன்பது முதல் பதினாலு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருவோம் என்று மத்திய இடைக்கால பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் வாசித்தது 2024 பிப்ரவரி 1. மறுநாளே ஒரு நடிகை இந்த நோயில் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பி, அடுத்த நாள் ‘விழிப்புணர்வுக்காகச் செய்தேன்’ என்று எழுந்து வந்தார். அந்தக் கூத்தை விட்டுவிடுவோம். தமிழ்நாடு 2025 மார்ச் பட்ஜெட்டில் பதினாலு வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2008-இல் பதிமூன்று வயதாக இருந்த பெண்ணுக்கு அப்போது முப்பது.

ஏன் இத்தனை தாமதம்? இதற்குக் கம்மம் போக வேண்டும். கொஞ்சம் நீளமான கதை. இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

2009-இல் ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் (ஐ.சி.எம்.ஆர்.) மாநில அரசுகளோடும் சேர்ந்து, அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் செய்முறைத் திட்டம் ஒன்றை நடத்தியது. சுமார் 24,000 பெண் பிள்ளைகள். கம்மத்தில் பலர் பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள், ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். அடுத்த சில மாதங்களில் இரண்டு இடத்திலுமாக ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். செய்தி வெடித்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில், நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று காரணங்கள் வெளிவந்தன. சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. பல சம்மதப் படிவங்களில் பெற்றோர் கையெழுத்தே இல்லை. விடுதி வார்டனும் தலைமையாசிரியரும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஊசி குற்றவாளி இல்லை. அதற்காக அந்தப் பெற்றோரின் கோபம் பொய் இல்லை. ‘என் பிள்ளைக்கு என்ன போடுகிறாய் என்று என்னிடம் கேட்டாயா?’ என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பெரும்பாலான இடங்களில் அதிகாரிகளும் அமைச்சர்களும் அதன்பின் பல வருடம் இந்த ஊசியின் பேரை எடுக்கவே அஞ்சினார்கள். அங்கே கேட்காமல் போட்டார்கள். அந்தப் பயத்தில் மற்ற ஊர்களில் கேட்காமலே விட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு கிளைக் கதை உண்டு. அது புனேவையும் திண்டுக்கல்லையும் தொடுகிறது.

அதே 2009-இல், பாத் திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் ஒரு ஆய்வைத் தொடங்கியிருந்தது. மூன்று டோஸ் வேண்டுமா, இரண்டு போதுமா என்பதுதான் கேள்வி. பத்து முதல் பதினெட்டு வயது வரையிலான, திருமணமாகாத 20,000 பெண் பிள்ளைகளைச் சேர்க்கத் திட்டம். ஆய்வு நடந்த இடங்களில் புனே ஒன்று, சோலாப்பூர் மாவட்டத்து பார்ஷி ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை ஒன்று. “நம்ம அம்பிளிக்கை ஆஸ்பத்திரியா?” என்று நிமிர்ந்தார் இவர். அதேதான்.

கம்மம் செய்தி வெடித்ததும் எல்லா ஹெச்.பி.வி. ஆய்வுகளையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் 17,729 பேருக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். சிலருக்கு மூன்று டோஸ் முடிந்திருந்தது, சிலருக்கு இரண்டு. ஏறக்குறைய 5,000 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டோஸ்தான் ஆகியிருந்தது. அடுத்தது போட வழியில்லை. ஆய்வு பாழாய்ப் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை விடவில்லை. வருடா வருடம் தொடர்ந்தார்கள். கல்யாணமாகிப் போன ஊர் தேடியும் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. 16, 18 வகைத் தொற்று உடம்பில் தங்குவதைத் தடுப்பதில், ஒரு டோஸ் போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 95 சதவீதம். இரண்டு, மூன்று போட்டவர்களுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. பிறகு கென்யாவிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், ஒன்பது முதல் இருபது வயது வரை ஒரே டோஸ் போட்டாலும் போதும் என்று அறிவித்தது. இன்று எத்தனையோ நாடுகள் அதே செலவில் இருமடங்குப் பிள்ளைகளுக்குப் போடுகின்றன என்றால், அதற்கு அடிப்படையில் புனே, பார்ஷி, அம்பிளிக்கைப் பிள்ளைகளின் ரத்த மாதிரிகளும் இருக்கின்றன. அதே பார்ஷியிலும் ஒட்டன்சத்திரத்திலும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் இந்த ஊசியின் பேரே தெரியாமல் வயசுக்கு வந்தார்கள்.

ஒரு டோஸ் என்பது சாகண் மாதிரி ஊருக்குப் பெரிய விஷயம். இங்கே ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு அதே பிள்ளை அதே பள்ளியில் இருக்கும் என்று எந்தக் கணக்கில் நம்புவது? காண்ட்ராக்ட் முடிந்தால் அப்பா ரஞ்சன்காவுக்கோ, ஓசூருக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவார். நானேகர்வாடியில், மஹாளுங்கேயில் ரூம் எடுத்துத் தங்கும் குடும்பங்களில் பெண் பிள்ளை பெரியவளானதும் ஊரில் பாட்டியிடம் விட்டுவிடுவதும் உண்டு. மகாராஷ்டிரப் பட்டியலில் அவள் பேர் இருக்காது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்காது. பள்ளிக்கூடம் வழியாகப் போடும் எந்தத் திட்டமும், எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளையைப் பார்க்காது. பதினாலு வயதுக்கு மட்டும் என்று வைத்தால், அந்த ஒரு வருடத்தில் ஊர் மாறிய பிள்ளை தவறிப்போகும். இலவசம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வாடகை ரூம்களைப் பார்த்ததில்லை.

பயம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘குழந்தை பிறக்காதாம்’ என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பொய். போலியோ சொட்டுக்கும் இதையே சொன்னார்கள், கொரோனா ஊசிக்கும் சொன்னார்கள். ஹெச்.பி.வி. ஊசி 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கில் போடப்பட்டுவிட்டது. மலடாக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கும் கிடைக்கவில்லை. கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். இந்த வயசுப் பிள்ளைகள் ஊசி போட்டதும் மயங்கி விழுவது சகஜம், அதனால்தான் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோசுக்கு ஏறக்குறைய இரண்டு. ‘ஊசி போட்டால் பிள்ளை தைரியம் பெற்றுக் கெட்டுப்போகும்’ என்றும் ஒரு பயம் உண்டு. வெளிநாடுகளில் அதையும் ஆராய்ந்தார்கள். போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை.

படித்தவர்கள் நாட்டில் பயம் வராது என்றும் இல்லை. ஜப்பானில் எழுபது சதவீதம் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கவிளைவு என்று டிவியில் சில பிள்ளைகளின் படங்கள் ஓடின. 2013 ஜூனில் அரசு ‘நாங்கள் இனிப் பரிந்துரைக்க மாட்டோம்’ என்று பின்வாங்கியது. ஊசியைத் தடை செய்யவில்லை. இலவசமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. திரும்பப் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆனது. நம் சிக்கிம் 2018-இல் செய்ததைப் பாருங்கள். ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே ஆசிரியர்களுக்கும், டாக்டர்களுக்கும், பத்திரிகைக்காரர்களுக்கும் விளக்கக் கூட்டம் போட்டார்கள், பெற்றோரிடம் பேசினார்கள். தகுதியுள்ள பிள்ளைகளில் 95 சதவீதத்துக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். சிக்கிம்காரர்கள் நம்மைவிடப் பயமில்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்க ஒரு ஆளும் ஒரு நேரமும் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே அந்த ஆள் யார்? ஒரு தாள் வருகிறது. மராத்தியில் வருகிறது. அதைப் படித்துக் காட்டும் பொறுப்பு பதிமூன்று வயதுப் பிள்ளை தலையில் விழுகிறது. அம்மாவுக்கு மராத்தி சந்தைப் பேச்சு அளவுக்குத்தான். அப்பா பகலில் தூங்குகிறார். தமிழில் ஒரு தாள் அடித்திருக்கலாம், ஹிந்தியிலும் ஒன்று. சாகணில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பது யாருக்குத் தெரியாது? கம்பெனி கேன்டீனில் ஷிஃப்ட் மாறும்போது அரை மணி நேரம் ஒரு டாக்டர் பேசியிருந்தால், அப்பன்மார் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். “கேட்டிருந்தா போட்டிருப்போம்ணே” என்றார் இவர்.

தேதி போனது போகட்டும், பதினைந்து வயது ஆவதற்குள் போட்டுவிடுங்கள் என்றேன். அரசு ஆஸ்பத்திரியில் முதலில் கேளுங்கள், கிடைத்தால் காசு மிச்சம். இல்லையென்றால் பிள்ளைகள் டாக்டரிடம் செர்வாவாக் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். படிவத்தில் இருப்பதை மகளிடம் அம்மா சொல்லட்டும். அம்மாவுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் நீங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

“பையன் ஒருத்தன் இருக்கானே, பத்து வயசு?”

அவனுக்கும் போடலாம். செர்வாவாக்குக்கு ஆண் பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டு. ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய் சிலவற்றுக்கு இதே வைரஸ் காரணம். மனைவிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவனும் அவன்தான். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். இங்கே பையனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கையில் ஒருவருக்குத்தான் காசு என்றால் பெண்ணுக்கு முதலில்.

“வீட்ல அவளுக்கு?”

மனைவிக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதுக்கு ஊசியைவிடப் பரிசோதனைதான் முக்கியம். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள்; வெள்ளையாகத் தெரியும் இடம் இருந்தால் அடுத்த பரிசோதனை. ஐந்து நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் இந்த முறையை வைத்துத்தான் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக 2007-இல் வெளியிட்டார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், முப்பது முதல் நாற்பத்தொன்பது வயது இந்தியப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பேர் அளவுக்கு இருந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்ய வேண்டும் என்பது திட்டம். சாகண் அரசு ஆஸ்பத்திரியான கிராமீண ருக்ணாலயத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, மனைவியையும் கூட்டிப் போய் அதே வரிசையில் கேட்கச் சொன்னேன். வார விடுமுறை இவருக்கு வியாழக்கிழமை. கரண்ட் கட் வைத்து எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் அன்றைக்குத்தான் லீவு.